நீர்மட்டத்தை முதலில் முடிவு செய்யுங்கள்: மாடல் கட்டடக் கேள்வி பதில்

நீர்க்கரையில் நிற்கும் கட்டடங்களின் அளவு மாடல்களைக் கிட்டிலிருந்து (பாகங்களும் கையேடும் அடங்கிய பெட்டித் தொகுப்பிலிருந்து) கட்டுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டதால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதியை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்தால் அவற்றை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: லேசரால் வெட்டிய மரப் பாகங்கள் கொண்ட கிட் ஒன்றை 1:87 அளவில் (அசலில் 87-இல் ஒரு பங்கு) வாங்கியிருக்கிறேன். தூண்கள் மேல் நிற்கும் மீன் கிடங்கும் அதன் முன்னால் ஒரு படகுத்துறை மேடையும் அதில் உள்ளன. கையேடு சுவர்களிலிருந்து தொடங்கச் சொல்கிறது. அப்படியே செய்யலாமா?

பதில்: சுவர்களைத் தொடுவதற்கு முன், நீர் எந்த மட்டத்தில் நிற்கப் போகிறது என்பதை முடிவு செய்துவிடுங்கள். கிட்டைத் தயாரித்தவருக்கு உங்கள் காட்சியில் இருப்பது ஏரியா, ஆறா, ஓதம் ஏறி இறங்கும் கடல்முகமா என்பது தெரியாது. ஆகவே பெட்டியில் வரும் தூண்கள் ஏதோ ஒரு பொது நீளத்தில்தான் இருக்கும். பல கிட்டுகளில் அந்த நீளம் போதாது. ஓதத்தின் ஏற்ற இறக்கம் 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1:87 அளவில் அது 34 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக வரும். நீர் உச்சத்தில் நிற்கும்போது அதற்கு மேல் 1.5 மீட்டர் உயரத்தில் மேடை இருக்கிறதென்றால் அதற்கு 17 மில்லிமீட்டர். அதாவது, நீர் ஏறி நிற்கும் வேளையைக் காட்டினால் மேடைக்குக் கீழே 17 மில்லிமீட்டர் தூண் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். நீர் வற்றிய வேளையைக் காட்டினால் 5 சென்டிமீட்டருக்கு மேல் தெரியும். ஒரே கிட்டிலிருந்து உருவாகும் இந்த இரண்டும் பார்வைக்கு முற்றிலும் வேறு வேறு கட்டடங்கள். என்னைக் கேட்டால் வற்றிய வேளையையே தேர்ந்தெடுப்பேன், ஏனென்றால் நீர்க்கரைக் கட்டடத்தின் அழகில் பெரும்பங்கு மேடைக்குக் கீழேதான் இருக்கிறது.

முடிவு செய்தபின், ஒரு தாளில் மாடலின் அசல் அளவிலேயே பக்கவாட்டு வெட்டுத் தோற்றம் ஒன்றை வரைந்துகொள்ளுங்கள். நீரடித் தரை, வற்று நீர்மட்டம், ஏற்று நீர்மட்டம், மேடை, கட்டடத்தின் தளம், கரையின் நிலமட்டம் ஆகிய ஆறு கோடுகள் போதும். ஏணியின் நீளம், படகின் விளிம்பு நிற்கும் உயரம், தூண்களில் நிறம் மாறும் இடங்கள் என்று பின்னால் வரப்போகிற எல்லா அளவுகளையும் அந்தத் தாளிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

அதன்பின் கையேட்டின் வரிசையில் போகலாம், ஒரே ஒரு நிபந்தனையுடன்: மரத்துக்குச் சாயம் ஏற்றும் வேலை முழுவதும் ஒட்டுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பசை பட்ட இடத்தில் மரத்தின் நுண்துளைகள் அடைபட்டுவிடும். பிறகு எவ்வளவு சாயம் தடவினாலும் அந்த இடம் வெளிறிய திட்டாகவே நிற்கும்.

கேள்வி: வண்ணம் பூசியதும் மரச் சுவர்கள் வில்லாக வளைந்துவிடுகின்றன. கனமான புத்தகங்களை மேலே வைத்தும் பயன் இல்லை.

பதில்: நீரில் கரையும் வண்ணத்தை ஒரு பக்கம் மட்டும் பூசும்போது அந்தப் பக்கத்து இழைகள் ஈரத்தை இழுத்து விரிகின்றன, மறுபக்கம் அப்படியே இருக்கிறது, வளைவு அங்கிருந்துதான் வருகிறது. ஆகவே வெளிப்புறம் பூசியவுடன் உட்புறத்தையும் அதே ஈரத்தோடு பூசிவிடுங்கள். அதைவிட முக்கியமானது, பூசுவதற்கு முன்பே சுவரின் உட்புறத்தில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் சதுரச் சட்டங்களை, மர இழை ஓடும் திசைக்குக் குறுக்காக ஒட்டிவைப்பது. பலகை வரிகள் கிடையாக ஓடும் சுவர்களில் இழையும் பெரும்பாலும் கிடையாகவே ஓடும் என்பதால் சட்டங்கள் செங்குத்தாக நிற்க வேண்டும். மூலைகளில் பக்கத்துச் சுவர் வந்து பொருந்துவதற்கான இடத்தை விட்டு, சட்டத்தைச் சற்று உள்ளே தள்ளி ஒட்டுங்கள். சட்டம் ஒட்டப்படும் பட்டையில் மட்டும் உட்புறத்துச் சாயம் ஏறாமல் போகும். அது யார் கண்ணிலும் படாது. ஏற்கெனவே வளைந்துவிட்ட சுவரை வீசிவிட வேண்டாம்: குழிந்த பக்கத்தை இலேசாக ஈரப்படுத்தி, சமமான இரு பரப்புகளுக்கு நடுவே பாரம் ஏற்றி இரவு முழுக்க விட்டால் பெரும்பாலும் நேராகிவிடும், நேரானதும் சட்டத்தை ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: தூண்களுக்குக் கரும்பழுப்பு பூசிப் பார்த்தேன், எல்லாம் வண்ணம் பூசிய குச்சிகளாகவே தெரிகின்றன. உண்மையான துறைத் தூண்களின் தோற்றத்தை எப்படிக் கொண்டுவருவது?

பதில்: இந்தக் கேள்வி பலரிடமிருந்து வந்திருக்கிறது, விரிவாகவே சொல்கிறேன். முதலில் பருமன். மரத் துறைத் தூண் ஒன்றின் விட்டம் பொதுவாக 30 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். 1:87 அளவில் அது 3.5 மில்லிமீட்டர் உருளைக் குச்சி. அதற்கு மேல் தடித்தால் தூண் பருத்தும், மெலிந்தால் கட்டடம் நிற்காது என்பது போலவும் தோன்றும். தூண் வரிசைகளுக்கு இடையே 3 மீட்டர், அதாவது மாடலில் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் விட்டால் பார்வைக்குப் பொருத்தமாக இருக்கும். கடையில் வாங்கும் உருளைக் குச்சி இயந்திரத்தில் கடைந்த வழவழப்போடு வரும். நுண்பல் ரம்பத்தின் பற்களைக் குச்சியின் நீளவாக்கில் அழுத்தி இழுத்துக்கொண்டே அதைச் சுழற்றினால், மரப்பட்டை உரித்த அடிமரத்தின் கீறல்கள் கிடைக்கும். அந்தக் கீறல்களில்தான் சாயம் தங்கும். அவை இல்லாவிட்டால் எந்த நிறமும் மேலே பூசியதாகவே தெரியும்.

அரை லிட்டர் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் இரண்டு டீஸ்பூன் கருப்பு இந்திய மை கலந்த கரைசலில் குச்சிகளை முக்கி எடுத்தால் வெயிலும் மழையும் பட்ட சாம்பல் நிறம் வரும். உலர்ந்தபின், மரம் உளுத்துப்போகாமல் காக்கும் கிரியோசோட் எண்ணெய் ஊறிய தோற்றத்துக்காக நீர்த்த கரும்பழுப்பை அதன்மேல் திட்டுத் திட்டாக ஏற்றுங்கள்.

அடுத்தது நிறப் பட்டைகள். கடல்முகத் தூணில் ஏற்று நீர்மட்டத்துக்கு மேல் மரம் உலர்ந்து, வெளிறி, ஒளி மங்கி இருக்கும். அந்த மட்டத்தை ஒட்டிக் கருமையான ஒரு கறைப் பட்டை ஓடும். அதற்குக் கீழே கொட்டலசுகள் (மரத்திலும் பாறையிலும் ஒட்டி வாழும், ஓடுடைய சிறு கடலுயிர்கள்) ஒட்டிய, வெண்சாம்பல் நிறச் சொரசொரப்பான பட்டை. அதற்கும் கீழே, வற்று நீர்மட்டத்தை நெருங்கும் இடத்தில், பாசியும் கடற்பூண்டும் படிந்த கரும்பச்சை. கொட்டலசுப் பட்டையின் மேல் விளிம்பு ஓரளவு ஒரே மட்டத்தில் இருக்கும், கீழ் விளிம்பு கலைந்து பாசிக்குள் கரையும். மாடலிலும் அப்படியே செய்யுங்கள். 2 சென்டிமீட்டர் கொட்டலசு 1:87 அளவில் கால் மில்லிமீட்டர்கூட வராது. எனவே நீர்த்த வெள்ளைப் பசையை அந்தப் பட்டையில் மட்டும் தொட்டுவைத்து, துணியில் சலித்த மிக நுண்ணிய மணலைத் தூவினால் போதும். அது காய்ந்ததும் வெண்சாம்பல் நிறத்தை உலர்ந்த தூரிகையால் மேடுகளில் மட்டும் படும்படி தடவுங்கள்.

இந்தப் பட்டைகள் எல்லாத் தூண்களிலும் ஒரே உயரத்தில் அமைய வேண்டும். கண்ணால் மதிப்பிட்டால் நிச்சயம் பிசகும். தூண்களை நட்டு முடித்தபின், தேவையான உயரமுள்ள மரக்கட்டையின் மேல் ஒரு பென்சிலைப் படுக்கவைத்து ஒட்டி, அந்தக் கட்டையை நீரடித் தரையின் மேல் நகர்த்தியபடி ஒவ்வொரு தூணிலும் கோடு இழுங்கள். தரை சமமாக இருந்தால் எல்லாக் கோடுகளும் ஒரே மட்டத்தில் விழும். அடித்தளத்தில் சேறு, கல் முதலியவற்றைச் சேர்ப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உங்கள் காட்சி நன்னீர் ஏரி என்றால் கொட்டலசுக்கு அங்கே இடமே இல்லை. நீர் வழக்கமாக நிற்கும் மட்டத்தில் ஒரு கறைக்கோடும் அதை ஒட்டி மெல்லிய பசுமையும் போதும். எத்தனையோ ஏரிக்கரை மாடல்களில் கடல் தூண்களின் பட்டைகளைப் பார்த்திருக்கிறேன். மற்ற எல்லாம் சரியாக இருந்தும் அந்த ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கும்.

கடலில் மரத்தைத் துளைக்கும் உயிரினங்கள், நீர் ஏறி இறங்கும் பகுதியில் தூணை அரித்து அதன் இடுப்பை மெலிய வைத்துவிடும். இதை ஓரிரு தூண்களில் மட்டும் வட்ட அரத்தால் செய்துகாட்டுங்கள். அதன் பக்கத்திலேயே புதிதாக அடித்த, நிறம் அடர்ந்த துணைத் தூண் ஒன்றை நிறுத்தினால் அந்தத் துறையைப் பராமரிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்பதும் தெரியும்.

கேள்வி: ஜன்னல்களுக்கு ஒட்டிய தெளிந்த பிளாஸ்டிக் தாள் மறுநாளே பனி படர்ந்ததுபோல் வெளுத்துவிட்டது. தாள் தரமற்றதா?

பதில்: தாளில் குற்றம் இல்லை. சூப்பர் குளூ காயும்போது எழும் ஆவி பக்கத்திலுள்ள தெளிந்த பரப்பில் வெண்படலமாகப் படிகிறது. ஜன்னல் தாளுக்கு வெள்ளைப் பசையோ, காய்ந்தபின் நிறமற்றதாகும் அக்ரிலிக் பசையோ மட்டுமே பயன்படுத்துங்கள். கட்டடத்தின் உள்ளே வேறு எதற்காவது சூப்பர் குளூ தேவைப்பட்டால் அந்த வேலையை முடித்து, நன்றாகக் காற்றோட்டம் கொடுத்தபின் ஜன்னல்களைப் பொருத்துங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் கிட் ஒன்றில் செங்கல் சுவர்களுடன் ஒரு சரக்குக் கிடங்கு வந்திருக்கிறது. பெட்டியின் மேலுள்ள படத்தைப் போலவே எல்லோரும் கட்டுகிறார்கள். என்னுடையது தனித்துத் தெரிய வேண்டுமானால் எதை மாற்றலாம் என்று தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதில்: எதை மாற்றலாம் என்று யோசிப்பதற்கு முன், இந்தக் கட்டடத்துக்குள் சரக்கு எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். படகில் வரும் சரக்கு நீர்ப்பக்கத்தில் ஏறி, நிலப்பக்கத்தில் வண்டிக்கு இறங்க வேண்டும். பெட்டியில் வரும் கிடங்கு பெரும்பாலும் நிலத்துக்காக வடிவமைக்கப்பட்டிருக்கும்: நுழைவாயில், பெயர்ப்பலகை, பெரிய கதவுகள் எல்லாம் ஒரே முகத்தில், பின்சுவரில் ஓரிரு ஜன்னல்கள் மட்டும். நீர்க்கரையில் அந்தப் பின்சுவர்தான் நீரை நோக்கி நிற்கப் போகிறது, பார்ப்பவர்கள் முதலில் காண்பதும் அதைத்தான். ஆகவே முதல் மாற்றம் அங்கே. மேல்தளத்தில் ஒரு ஜன்னலைக் கீழ்நோக்கி அறுத்துக் கதவாக்கி, அதற்கு நேர்மேலே கூரைமுகட்டின் அடியிலிருந்து ஓர் உத்தரம் நீர்ப்பக்கம் நீளும்படி வைத்து, அதில் கப்பியும் கயிறும் மாட்டுங்கள். உத்தரம் மேடை விளிம்பைத் தாண்டிப் படகின் நடுப்பகுதிக்கு மேலே எட்ட வேண்டும். எட்டாவிட்டால் அந்தக் கப்பியால் பயனில்லை, பார்ப்பவருக்குக் காரணம் புலப்படாவிட்டாலும் ஏதோ பொருந்தவில்லை என்பது தெரிந்துவிடும். உத்தரம் மிக நீளமாகிறதென்றால் அதற்குக் கீழிருந்து ஒரு சாய்தாங்கி கொடுங்கள்.

இரண்டாவது, தளத்தின் உயரம். வண்டியில் ஏற்ற வசதியாகச் சரக்கு வாயில்கள் நிலத்திலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும், 1:87 அளவில் 14 மில்லிமீட்டர். நீர்ப்பக்க மேடையோ கட்டடத்தின் தளத்தோடு சமமாக இருப்பதே வேலைக்கு வசதி. ஆகவே அந்தப் பக்கத்து அடிச்சுவரை மேடை மறைத்துவிடும். மறையப் போகிற செங்கலை வெட்டி எடுத்து, அதைப் பக்கச் சுவர்களில் ஒட்டுப்போட வைத்துக்கொள்ளலாம்.

கட்டடத்தை நீட்டவோ குறுக்கவோ விரும்பினால், சுவரிலிருந்து துருத்தி நிற்கும் செங்கல் தூணின் விளிம்பில் அறுங்கள். வெற்றுச் சுவரின் நடுவே போட்ட இணைப்பு என்றைக்கும் தெரியும். தூணின் ஓரத்தில் போட்ட இணைப்பைச் சுண்ணாம்புப் பூச்சின் கோடாகவே கண் எடுத்துக்கொள்ளும். அப்படியும் தெரிந்தால் அதன்மேல் ஒரு மழைநீர்க் குழாயை இறக்கிவிடுங்கள். பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் திரவச் சிமென்டை இணைப்பின் உட்புறத்திலிருந்து தூரிகையால் தொட்டுவைத்தால் அது தானாகவே இடுக்குக்குள் ஓடிவிடும். வெளிப்புறத்தில் வைத்தால் செங்கல் வரிகள் கரைந்துபோகும்.

கூரையில் வரும் வழவழப்பான பிளாஸ்டிக் தகட்டின் மேல், கருஞ்சாம்பல் வண்ணம் பூசிய மெல்லிய தாளை ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் அகலப் பட்டைகளாக வெட்டி, கீழிருந்து மேலாக ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி ஒட்டினால் தார்த்தாள் கூரை ஆகிவிடும். முகட்டோரத்தில் பறவை எச்சத்தின் வெண்திட்டுகள் சிலவற்றை வையுங்கள். நீர்க்கரைக் கூரைக்கு அது பொருந்தும், ஆனால் கூரை முழுவதும் வேண்டாம்.

கேள்வி: கிட்டுடன் வந்த ரெசின் வார்ப்புகளில் (பீப்பாய், நங்கூரம், கயிற்றுச்சுருள்) வண்ணம் நிற்காமல் உரிந்து வருகிறது.

பதில்: வார்ப்பை அச்சிலிருந்து எடுப்பதற்காகத் தடவிய வழுக்குப் பொருள் அவற்றின் மேல் இன்னும் இருக்கிறது. பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, பிரைமர் பூசியபின் வண்ணம் ஏற்றுங்கள். ரெசினை அராவும்போதும் அறுக்கும்போதும் முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகக் கூடாதது. உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்தால் தூள் பறப்பது பெருமளவு குறையும்.

கேள்வி: நீரைக் காட்டுவதற்காக, தெளிவாக இறுகும் எப்பாக்ஸி ரெசினை ஊற்றினேன். தூண்களைச் சுற்றி அது மேலேறி ஈர வளையமாக நிற்கிறது. ஒரு மூலையில் கசிந்தும் போய்விட்டது. இதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: வளையத்தைச் சரிசெய்வது எளிது. ரெசின் முழுவதுமாகக் கெட்டியானபின், நீர்க்கோட்டுக்கு மேலே பளபளக்கும் இடத்தில் ஒளிமங்கிய வார்னிஷை நுண்தூரிகையால் தொட்டுவிட்டு, தேவையான இடத்தில் பாசிப்பச்சையையோ கரும்பழுப்பையோ மறுபடி ஏற்றுங்கள். திரவம் மர இழைகளின் வழியே தானாக மேலேறுவது இயல்பு என்பதால் அடுத்த முறை ஊற்றுவதற்கு முன்பே தூண்களின் அடிப்பகுதிக்கு ஒரு கை அக்ரிலிக் வார்னிஷ் கொடுத்து நுண்துளைகளை அடைத்துவிடுங்கள். ஏறுவது வெகுவாகக் குறையும்.

கசிவைப் பொறுத்தவரை, ரெசின் ஊசிமுனைத் துளையையும் தேடிக் கண்டுபிடித்துவிடும். நீரடித் தரையும் சுற்றுத் தடுப்பும் சேரும் கோடு, தூண்களின் அடி, கரைச்சுவரின் அடி ஆகிய எல்லா இடங்களிலும் அடர்த்தியான அக்ரிலிக் ஜெல்லைப் பூசி, அது தெளிவாகும்வரை காயவிட வேண்டும். பிறகு மிக மெல்லிய முதல் படலத்தை மட்டும் ஊற்றி இறுகவிடுங்கள். கசிவு ஏதேனும் இருந்தால் இழப்பு அந்த மெல்லிய படலத்தோடு நிற்கும். அதற்கு மேல் ஒவ்வொரு முறையும் 3 மில்லிமீட்டர் அளவுக்கு ஊற்றி, ஒரு நாள் இடைவெளி விடுவது நல்லது. ஒரேயடியாகத் தடிமனாக ஊற்றினால் இறுகும்போது எழும் வெப்பம் வெளியேற வழியின்றி ரெசின் சுருங்கும், சில நேரம் வெடிக்கும். பலகையை எந்த இடத்தில் காயவைக்கிறீர்களோ அந்த இடத்திலேயே ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அடித்தளம் நுரைப்பலகையாக இருந்தால் எப்பாக்ஸி அதைக் கரைக்காது, ஆனால் பாலியெஸ்டர் ரெசின் கரைத்துவிடும். புட்டியின் மேலிருக்கும் பெயரைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

ஒரு விஷயத்தை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். துறைமுக நீர் கண்ணாடிபோல் தெளிந்திருப்பதில்லை. ஆழமான இடத்தில் கரும்பச்சை கலந்த பழுப்பு, கரையை நெருங்க நெருங்கச் சேற்றின் வெளிறிய நிறம் என்று தரையையே வண்ணத்தால் தயார்செய்துவிட்டால் இரண்டு மூன்று மெல்லிய படலங்களே ஆழத்தைக் காட்டிவிடும். இறுகியபின் பளபளப்பான அக்ரிலிக் ஜெல்லைத் தட்டைத் தூரிகையால் ஒற்றி ஒற்றிச் சிற்றலைகளை எழுப்புங்கள். தூண்களுக்கு நடுவே அலை தணிந்தும் திறந்த பக்கத்தில் சற்று உயர்ந்தும் இருக்கட்டும்.

கேள்வி: மேடையின் மேல் பெட்டிகள், வலைகள், பீப்பாய்கள் என்று எவ்வளவு வைக்கலாம்? வைக்க வைக்கக் குப்பைமேடாகத் தெரிகிறது.

பதில்: அளவைவிட இடம்தான் முக்கியம். கதவிலிருந்து மேடை விளிம்புக்கும், விளிம்பிலிருந்து கப்பிக்கும் ஆட்கள் நடக்கும் பாதையை முதலில் மனத்தில் வரைந்து, அந்தப் பாதையில் எதையும் வைக்காதீர்கள். பொருள்கள் சுவரை ஒட்டியும், மூலைகளிலும், தூண் தலைகளைச் சுற்றியும் சேரும். பாதையில் உள்ள பலகைகள் தேய்ந்து சற்றே வெளிறியிருக்கும். ஓரங்களில் கறை அதிகம் இருக்கும். பலகைகளை ஒவ்வொன்றாக ஒட்டியிருந்தால், ஒன்றிரண்டைப் புதுமரத்தின் நிறத்தில் விட்டு, ஒன்றின் முனையை மட்டும் சற்று உடைத்துவையுங்கள்.

படகைக் கட்டும் கயிற்றில் பலரும் கவனம் வைப்பதில்லை. நீர் வற்றியிருக்கும் காட்சியில் படகு மேடைக்கு வெகு கீழே இருக்கும், ஆகவே கயிறு மேடையிலிருந்து சரிவாக இறங்க வேண்டும். நீர் ஏறியிருக்கும் காட்சியில் அதே கயிறு தொய்ந்து தொங்கும். நூலை நீர்த்த வெள்ளைப் பசையில் நனைத்து, காயும்வரை நடுவே சிறு பாரம் தொங்கவிட்டால் தொய்வு இயல்பாக அமையும். ஏணி வற்று நீர்மட்டத்துக்கும் கீழே ஒரு படியாவது இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் படகில் இருப்பவர் மேலே ஏற வழியில்லை.

கேள்வி: உள்ளே விளக்கு வைக்க ஆசை. 12 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. எல்.இ.டி. எரிந்ததும் சுவரின் மூலைகளிலிருந்தெல்லாம் ஒளி கசிகிறது, வெளிச்சமும் கண்ணைக் கூசுகிறது.

பதில்: வெள்ளை எல்.இ.டி. ஏறத்தாழ 3 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 9 வோல்ட்டை ரெசிஸ்டர் (மின்தடை) தாங்க வேண்டும். 20 மில்லி ஆம்பியருக்குக் கணக்கிட்டால் 450 ஓம் வரும், கடையில் கிடைப்பது 470. ஆனால் அது மாடலுக்கு மிக அதிகமான வெளிச்சம். 1000 ஓம் வைத்தால் 9 மில்லி ஆம்பியர், 2200 ஓம் வைத்தால் 4 மில்லி ஆம்பியர். கிடங்கின் உள்ளே ஒற்றை விளக்கு எரியும் தோற்றத்துக்கு இரண்டாவதே போதும். மஞ்சள் கலந்த வெள்ளை எல்.இ.டி.யையே வாங்குங்கள்.

கசிவுக்கு, சுவரின் உட்புறம் முழுவதும் முதலில் கருப்பு பூசி, அது காய்ந்தபின் வெள்ளையோ வெளிர்சாம்பலோ பூசுங்கள். மூலைகளின் உட்புறத்தில் கருப்புத் தாள் பட்டையை மடித்து ஒட்டுங்கள். பிளாஸ்டிக் சுவர்களில் இது இல்லாவிட்டால் செங்கலே ஒளிரும். கூரையை ஒட்டிவிடாமல் கழற்றி மாட்டும்படி விட்டுவைத்தால், பின்னாளில் ஒரு கம்பி விட்டுப்போனாலும் கட்டடத்தை உடைக்காமல் சரிசெய்துகொள்ளலாம்.